பேங்க் பிடித்த ஏழரை

செக்கின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுத்திருந்தார் இராஜமாணிக்கம். அப்படியும் அது திரும்பி வந்துவிட்டது.

அது அவர் வாழ்நாளில் கிழித்த முதல் செக். ஆரணி கொசப்பாளையத்தில் நாலு தறி வைத்திருந்தவர்களில் செக் புத்தகமும் வைத்திருந்தவர் அன்றைக்கு அவர் ஒருவர்தான். அதைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டுதான் தெருவில் நடப்பார். எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம் புதுக்கணக்குப் போட்ட அன்று, பட்டு நூல் கடை சாந்திநாதன் நயினாருக்கு மங்கலமாக ஆயிரத்து ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினார். மொட்டையாக ஆயிரம் என்று எழுத அவர் என்ன விவரம் தெரியாதவரா? நல்ல காரியத்துக்கு ஒன்று கூட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம்.

அதே செக்கை ஐந்தாம் நாள் நயினார் தாமே வீடு தேடிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. கணக்கில் போதிய பணம் இல்லை என்று பேங்க் அதில் தெரிவித்திருந்தது.

நயினார் அதிர்ந்து பேசாதவர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அன்றைக்குக் காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ரொக்கமா குடுத்துகினு இருந்தப்ப ஒரு ரூபா முன்னே பின்னே இருந்தாக்கூட நான் கேட்டதில்லீங்க மாணிக்கம். செக்குல அப்படி முடியாதே. பணம் கெடக்குது, பேருதான் முக்கியம். தப்பு பேங்க்கோடதுன்னா அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கியாங்க. நூலு எங்க போவுது."

சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமென்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதற்கு அர்த்தம், லெட்டர் வருகிற வரையில் கடனுக்கு நூல் கிடையாது என்பதுதான். வைகாசி முகூர்த்தத்துக்கு வேலூர் ஜவுளிக்கடைக்குப் பன்னிரண்டு புடவை கொடுப்பதாக இராஜமாணிக்கம் முன்பணம் வாங்கியிருந்தார். கையில் இருந்த நூலுக்கு நாலு புடவை தேறினால் அதிகம்.

சமையலறையிலிருந்து மனைவி தனக்கோடி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க ஆச்சு?"

"பேங்க் விஷயம். உனக்குப் புரியாது," என்றார். பேங்க் விஷயம் தமக்கே இன்னும் புரியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் பேங்க்கில் பாஸ் புத்தகத்தைப் பதிந்து கொடுத்தார்கள். வரவு ஆயிரம். செக் திரும்பியதற்குக் கட்டணம் ஏழு ரூபாய் ஐம்பது காசு. ஆயிரத்து ஒன்று எழுதிய செக்குக்கு ஒரு ரூபாய் குறைந்ததாம். அதற்கு அபராதம் ஏழரையாம். பக்கத்து வீட்டுத் தசரதன் கூடவே வந்திருந்தார். அவரும் தறிக்காரர்தான், அடுத்தவர் துன்பத்தில் பங்குகொள்ள எத்தனை மைல் வேண்டுமானாலும் நடப்பார். ஏழரைச் சனி பொதுவாகத் தலையில்தான் உட்காருவார், உங்களுக்கு மட்டும் பாஸ் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆறுதல் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்த ஆறுதல் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

பணம் கட்டிய ரசீதை இராஜமாணிக்கம் வீட்டில் தேடி எடுத்தார். அவர் கையால் 1001 என்று நீல மையில் எழுதியிருந்தார். கடைசி ஒன்றின் மேல் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். பக்கத்தில் ஒரு கிறுக்கல். காசாளர் பரசுராமனின் கிறுக்கல்.

பணம் கட்டிய அன்று காலை விடிந்ததும் பத்து நூறு ரூபாய் நோட்டும் ஒரு ஒற்றை ரூபாய் நோட்டும் அவரே மூன்று தரம் எண்ணி, மஞ்சள் பையில் போட்டு, சாமி மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து வந்து அதே பையை எடுத்துக்கொண்டு நேரே பேங்க்குக்குப் போனார். வழியில் டீகூடக் குடிக்கவில்லை. பிறகு அந்த ஒரு ரூபாய் எங்கே போகும்? கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரே மனிதரிடம்தான் போயிருக்கும்.

பரசுராமனைக் கேட்டால் அவர் சத்தியம் செய்தார். ஒன்று குறைகிறது, ஆயிரம் என்று மாற்றிக்கொள்ளட்டுமா என்று தாம் கேட்டதாகவும், ஐயா சரி சரி என்று சொன்னதாகவும் சொன்னார். இராஜமாணிக்கம் சரி சரி என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது, ஒரு நாளைக்குக் குடையை இரவல் கேட்டுக்கொண்டு பின்னால் நின்ற தசரதனுக்குச் சொன்னது.

மேனேஜர் சமாதானப் பிரியர். ஒரு ரூபாய்தானே, கட்டிவிடுங்கள், நயினாரை அதே செக்கை மறுபடியும் போடச் சொல்லுங்கள், முடிந்தது என்றார். இராஜமாணிக்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு ரூபாய் கட்டினார். அந்த ஒற்றை நோட்டை வாங்கிய பரசுராமன் அதை மூன்று தரம் எண்ணி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் காட்டி ரசீது போட்டுக் கொடுத்தார்.

நயினார் செக்கைப் போட்டார். அது திரும்பி வந்தது.

கணக்கில் இப்போது ஆயிரத்து ஒன்று இல்லையாம். பேங்க் பிடித்த ஏழரை போக மிச்சம்தான் இருக்கிறதாம். பணம் குறைந்ததற்காகப் பிடித்தார்கள், பிடித்ததால் குறைந்துவிட்டது, குறைந்ததற்காக இன்னொரு ஏழரை பிடித்தார்கள். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விதி சிரிக்கவில்லை.

"எம் பணத்த நீங்களே புடிச்சிகினு, பணம் இல்லைன்னு எனக்கே அபராதம் போடறீங்களே சார். இத எந்த ஊரு நியாயம்னு நான் எழுதிக்கிறது?" என்று கேட்டார் இராஜமாணிக்கம்.

எந்த ஊர் நியாயம் என்று மேனேஜருக்கும் தெரியவில்லை. இனி ஒரு காசு கட்டமாட்டேன் என்று இராஜமாணிக்கம் சொல்லிவிட்டு வந்ததால், மேனேஜர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஓர் உபகாரம் செய்தார். மூன்றாம் தடவை செக் வந்தபோது, குறைந்த பதினைந்து ரூபாயைப் பேங்க்கே கடனாகப் போட்டு நயினாருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டார். அதற்குள் அந்தச் செக்கின் மஞ்சள் பேங்க் லெட்ஜரில் மூன்று பக்கத்தில் ஒட்டியிருந்தது. அந்த உபகாரத்துக்குப் பெயர் ஓவர்டிராஃப்ட். உபகாரக் கட்டணம் ஐந்து ரூபாய்.

ஆக, இராஜமாணிக்கத்தின் பாஸ் புத்தகத்தில் இருபது ரூபாய் பாக்கி என்று சிவப்பு மையில் விழுந்தது. யாரிடமும் கைமாற்றுகூட வாங்காத மனுஷன் பேங்க்குக்குக் கடன்காரன் ஆகிவிட்டான் என்று தசரதன் வருத்தப்பட்டார். எவ்வளவு வருத்தம் என்றால், சேத்துப்பட்டுக்குப் பெண் எடுக்கப் போன இடத்திலும் அதைச் சொல்லி வருத்தப்பட்டுவிட்டு வந்தார். இராஜமாணிக்கம் ஓடிப்போய் இருபது ரூபாயைக் கட்டிச் சிவப்பை அழித்தார்.

நயினாருக்கு ரூபாய் வந்துவிட்டது. லெட்டர் வரவில்லை. நூலும் வரவில்லை. இரண்டு தறி நின்றுவிட்டது. நெய்கிறவர்கள் வந்து சும்மா உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுப் போனார்கள். தறிக் கட்டைச் சத்தம் பாதியாகிவிட்ட வீட்டில் இராஜமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, இன்னாதான் பேஜாரு அந்த பேங்க்ல? எங்கிட்ட சொன்னாதான் இன்னா?" என்று தனக்கோடி தட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓவர்டிராஃப்ட்டு. சொன்னா உனக்குப் புரிஞ்சிடுமா?"

புரியாது என்று அவளும் ஒப்புக்கொண்டு மோரை ஊற்றினாள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் அய்யாக்கண்ணுவிடம் போனார். அய்யாக்கண்ணு முப்பது வருஷமாக நிலத் தகராறு மட்டுமே எழுதி வந்தவர். அவருக்குத் தெரிந்தது ஒரே மாதிரி மனு. ஆகவே, மனுதாரருக்குப் பாத்தியப்பட்ட மேற்படி ஒரு ரூபாயை எதிர்மனுதாரர் பரசுராமன் அத்துமீறிப் பிரவேசித்து ஆக்கிரமித்து அனுபவித்து வருவதாகவும், தட்டிக்கேட்டதற்கு ஏழரை வீதம் இருமுறை தாக்கியதாகவும், மேற்படி ரூபாயை மீட்டுத் தந்து மனுதாரரின் சுவாதீனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார். எழுதக் கூலி எட்டு ரூபாய். மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் தனி.

தலைமை அலுவலகத்தில் அதைப் படித்தவர்களுக்கு ரூபாய் எவ்வளவு என்பது பிடிபடவில்லை போலிருக்கிறது. அத்துமீறல், ஆக்கிரமிப்பு, தாக்குதல் என்ற மூன்றும் நன்றாகப் பிடிபட்டன. பத்தாம் நாள் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

அவர் இரண்டு நாள் விசாரித்தார். குடையைக்கூட வரவழைத்துப் பார்த்தார். பரசுராமனின் மேஜை இழுப்பறையைக் கவிழ்த்ததில் குண்டூசியும் ஒரு பல்லிமுட்டையும் கிடைத்தன. கடைசியில் அதிகாரி ஒன்றைக் கண்டுபிடித்தார். ரசீதில் எண்ணைத் திருத்தினால் பணம் கட்டியவரின் கையெழுத்தும் அங்கே வேண்டும். இல்லை. ரூபாய் எங்கே போனது என்று அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பேங்க்கில் கையெழுத்து இல்லாதது, ரூபாய் இல்லாததைவிடப் பெரிய குற்றம்.

தீர்ப்பு வந்தது. இரண்டு ஏழரையும் ஓர் ஐந்தும் திரும்பத் தரப்படும். காணாமல் போன ஒரு ரூபாயைப் பரசுராமன் தம் கையிலிருந்து தர வேண்டும். அதோடு அவருக்குத் தேசூருக்கு மாற்றல். மொத்தம் இருபத்தொரு ரூபாயை ஓர் உறையில் போட்டு, தவறு எங்களுடையதே, வாடிக்கையாளர் நாணயமானவர் என்று முத்திரை வைத்த கடிதத்தோடு மேனேஜர் எழுந்து நின்று கொடுத்தார். மொய் எழுதுகிற மாதிரி இருந்தது.

வெளியே வரும்போது பரசுராமன் வழியில் நின்றார். அவர் பிள்ளைகள் இரண்டும் ஆரணியில் படித்துக்கொண்டிருந்தன. தேசூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

"போவட்டுங்க ஐயா. ஆனா நான் எண்ணினது ஆயிரந்தாங்க. எங்க கொழந்தைங்க மேல ஆணை."

ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை சும்மா வரும். இராஜமாணிக்கம் அவர் தோளைத் தட்டினார். "மனுஷன்னா சபலம் இருக்கறதுதாம்பா. இனிமேல் கைய சுத்தமா வெச்சிக்கோ," என்று புத்தி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

நயினார் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். எழுந்து நின்று கும்பிட்டு, சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கச் சொன்னார். நூலை எடை போட்டு அவரே வண்டியில் ஏற்றிவிட்டார். அன்று பிற்பகலே நாலு தறியும் ஓடியது. தசரதனுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இராஜமாணிக்கம் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தார். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மனுஷனுக்குப் பேர்தானே எல்லாம். தனக்கோடியைக் கூப்பிட்டு உறையை நீட்டி, சாமி கிட்டே வைக்கச் சொன்னார். வெற்றி பெற்ற நாளில் மனைவிக்கும் கொஞ்சம் விளக்கலாம் என்று தோன்றியது.

"இங்க பாரு, பொறுமையா கேளு. அன்னிக்குப் பையில ஆயிரத்து ஒன்னு எண்ணி வெச்சேன் இல்ல? பேங்க்ல ஆயிரந்தான் இருந்துதுன்னுட்டான். அந்த ஒரு ரூபா காணோம். அதுலதான் இவ்ளோ ரகளையும். இன்னிக்கு அவன் கையாலயே அத எண்ணி வாங்கியாந்துட்டேன்."

தனக்கோடி சாமி மாடத்துச் சொம்பை எடுத்து அவர் முன்னால் சாய்த்துக் காட்டினாள்.

"அது இங்கதான கீது. ரொக்கம் முழுசா வீட்ட விட்டுப் போவக் கூடாதுன்னு நான்தான எப்பவும் ஒரு ரூபா எடுத்து இதுல போடறேன். பாவம், அந்த பேங்க்கு மனுஷன் எதுக்குங்க இன்னொன்னு குடுத்தாரு?"