சைனாவில் காய்த்த செட்டியார்பட்டி மாங்காய்

சுத்தமாகத் தெரியாத வேலையென்றால் பேசாமல் இருந்துவிடுவேன். பாதி தெரிந்த வேலையென்றால்தான் “நானே பாத்துக்கிடுதேன்” என்று முந்திக்கொண்டு நிற்பேன். அப்படி நின்றதில்தான் என் மாமனாரை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் நிரந்தரமாகப் போனது.

என் மனைவி செல்வி முதன்முதலாக விற்பனைக்கு ஊறுகாய் போட்டாள். செட்டியார்பட்டியில் மாமனார் தோப்பு மாங்காய். ஆடிப்பூரத் தேருக்கு இருநூறு பாட்டில் கேட்டிருந்தார் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கார அண்ணாச்சி ஒருவர். ஒரே நிபந்தனை, எங்கே தயாரானது என்ற விவரமெல்லாம் லேபிளில் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க மாட்டார்.

“பிரஸ்ஸுல குடுத்திருவோமாங்க?” என்றாள் செல்வி.

“வீட்டுல கம்ப்யூட்டர் படிச்சவன் நான் ஒருத்தன் இருக்கேன்லா?” (இருந்தேன். அதுதான் பிரச்சினை.)

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் ஒன்றின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. இறக்குமதியான மெஷின் பார்ட்ஸ் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் பேரிங் இருந்த இடத்தில் மாங்காயைப் போட்டேன். முகவரியை மாற்றினேன். ஓரத்தில் ஒரு மாவிலை வரைந்தேன். இலைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். ஒட்டினால் உரியாத ஸ்டிக்கராகப் பார்த்து அடித்து, இருநூறையும் என் கையாலேயே ஒட்டினேன்.

தேருக்கு முந்தின நாள் காலையில் மூன்று பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நம்ம தோப்புக் காயி அண்ணாச்சி. நானே ஏறிப் பறிச்சது” என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோப்பு எங்க இருக்குன்னீய?”

“செட்டியார்பட்டில.”

“இதுல தயாரிப்பு நாடு சைனான்னுல்லா போட்டிருக்கு! தண்ணி பாய்ச்ச தெனம் எப்படிப் போயிட்டு வாறீய?”

செல்வி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. ஒரு மாதம் உப்பிலும் மிளகாயிலும் வெந்த விரல்களால் அங்கேயே உட்கார்ந்து ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தாள். எண்ணெய் தேய்த்தோம், வெந்நீர் ஊற்றினோம். மாவிலை கரைந்துபோனது, சைனா அப்படியே இருந்தது. மறுநாள் அம்மாம்பெரிய தேரே நகர்ந்தது, அந்த ஸ்டிக்கர் நகரவில்லை. இருநூறு பாட்டிலும் அதே ஆட்டோவில் வீடு திரும்பின.

இப்போது செல்வியின் ஊறுகாய் அதே கடையில் நன்றாகவே போகிறது. லேபிள் பிரஸ்ஸில் அடிக்கிறாள். அது வீட்டுக்கு வரும் அன்று என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள்.

மாமனார்தான் இன்னும் விடவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவார்:

“நம்ம மாப்பிள்ளை. ஒரிஜினல் ராஜபாளையம்தான். ஆனா, கேரண்டி கெடையாது.”