ஃபேர்லேண்ட்ஸ் கேப்டனும் பாய்மரப் படகும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எல்லோரும் கார் நிறுத்த இடமில்லாமல் அடித்துக்கொண்டிருக்க, கப்பல் நிறுத்த இடம் தேடிய ஒரே மனிதர் எங்கள் வீதி கேப்டன்தான்.

கடலில் வேலை பார்த்தவர் இல்லை. திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி போர்வெல் போட்டவர். வயதானதும் வண்டியை விற்றுவிட்டு, சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்த சின்னப் பாய்மரப் படகொன்றை டிரெய்லரோடு வாங்கி, ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார். வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் மனைவி சரசக்கா மட்டும், "வாசிங் மெசின் கேட்டனுங்க. இதைக் கொண்டாந்திருக்கறாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

படகின் அடிவயிற்றில் ஒரு தொட்டி. ஆற்றில் இறக்கியதும் மூடியைத் திறந்து அதில் தண்ணீர் நிரப்ப வேண்டுமாம்.

"தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதானுங்க படகே?" என்றேன்.

"வெறும் வயித்தோட நின்னா காத்து சாச்சு உட்ருமுங்க. கரையேறுனதும் வடிச்சு உட்டா, ஜீப்பு சுளுவா இழுத்துரும்."

ஞாயிறுதோறும் ஜேடர்பாளையம். அணைக்கு மேலே காவிரி அகலமாக நிற்கும் இடத்தில் படகை இறக்குவார். பாதி நாள் காற்றே இருக்காது. பாயை விரித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நடு ஆற்றில் உட்கார்ந்திருப்பார். பரிசல்காரர்கள் சுற்றி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். சரசக்கா ஏறவே மாட்டார். கரையில் மீன் வறுவலோடு உட்கார்ந்து, "ஏனுங்க, தண்ணி ரொப்புனீங்களா?" என்று மட்டும் கத்துவார்.

போன வருடம் சரசக்காவுக்கு ரத்தப் புற்று என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அதன்பிறகு கேப்டன் போர்டிகோவில் நின்ற படகில் ஏறி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். வீதி முதலில் சிரித்தது. பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு ஞாயிறு நானே போய், "ஆத்துக்குப் போலாமுங்க" என்று கூப்பிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. கரையை விட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, படகு சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, பாய் தண்ணீரில் படுத்தேவிட்டது. மிதவைச் சட்டை போட்டிருந்த நாங்கள் இருவரும் பக்கத்தில் பூசணிக்காய்கள் போல மிதந்தோம். பரிசல்காரர்கள்தான் இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

தொட்டி மூடியை அவர் திறக்கவே இல்லை.

சொட்டச் சொட்ட உட்கார்ந்து, ஆளில்லாத கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும் கேக்கலீங்க" என்றார். "அதான் மறந்துட்டனுங்க."

வீட்டுக்கு வந்ததும் படகைத் தார்ப்பாய் போட்டு மூடினார். பெங்களூரிலிருந்து மகள் வந்து, விற்றே தீர வேண்டும் என்று சண்டை போட்டாள். சரியென்று தலையாட்டினார். ஆனால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் படகின் குறைகளை மட்டும் விலாவாரியாகச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

போன வாரம் எங்கள் கேட்டருகே வந்து நின்றார். சவரம் செய்திருந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கறீங்க?"

எனக்கு நீச்சல் தெரியாது.

"சும்மாதானுங்க இருக்கறேன்" என்றேன்.