ஞாயிற்றுக்கிழமை வைரஸ்

எது நடந்தாலும் சரி, தன் கடைவாய்ப் பல்லை யாரிடமும் கொடுப்பதில்லை என்று அதிகாரி முடிவுசெய்துவிட்டார்.

அவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, உயரத்தில் ஏறினால் இடுப்பு வாரை எங்கே மாட்டுவது என்றெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒத்திகையின்போது புகை நிறைந்த அறைக்குள் முதல் ஆளாக நுழைவார். சாரத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே நிற்பவர்களைத் திட்டுவார். ஆனால் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியை நினைத்தால் மட்டும் பயத்தில் வாயை இறுக மூடிக்கொள்வார்.

அந்தப் பல்லும் சும்மா இருக்கவில்லை. பாதி சொத்தை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காது வரைக்கும் ஒரு மின்னல் வெட்டும். வெந்நீர் பட்டால் கூடவே இடியும் இடிக்கும். அதனால் அதிகாரி சாப்பிடுவது, குடிப்பது, சிரிப்பது எல்லாவற்றையும் வாயின் இன்னொரு பாதிக்கு மாற்றிவிட்டு ஒருமாதிரி காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

தள்ளவிடாமல் செய்தவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன். பல் டாக்டர். நல்லவேளையாக எங்கோ தொலைவில் வேறு ஊரில் இருந்தார். ஆனால் இந்தக் காலத்தில் தொலைவை நம்ப முடிகிறதா? ஞாயிறு காலை ஆனதும் லேப்டாப் திரையில் வந்து உட்கார்ந்துவிடுவார். போனில் பேசலாமே என்றால், அதில் முகமே பல் அளவுக்குத்தான் தெரிகிறது, பல்லை எங்கே பார்ப்பது என்பார். தங்கையிடம் நலம் விசாரிப்பார், வீட்டுக்கதை பேசுவார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

"எங்கே மாப்பிள்ளை, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி ஆ காட்டுங்க."

அதிகாரி ஆ காட்டுவார். மச்சான் உச்சுக்கொட்டுவார். எடுத்துவிடலாமா அண்ணே என்று மனைவி பக்கத்தில் நின்றபடி கேட்பாள், பூந்தொட்டியில் முளைத்த களையைப் பற்றிக் கேட்பதுபோல.

இப்படி இருக்கும்போதுதான் தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்கள். கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டால் என்னென்ன அறிகுறிகள் தெரியும் என்று காட்டினார்கள். வகுப்பு என்றாலே கண் சொக்கும் அதிகாரி ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'காரணமில்லாமல் தானாகவே அணைந்துபோகும்' என்று திரையில் ஒரு வரி. மற்றவர்களுக்கு அது அறிகுறி. அவருக்கு அருள்வாக்கு.

அடுத்த ஞாயிறு மச்சான் கண்ணாடியைக் கழற்றியதும், லேப்டாப்பின் மூலையிலிருந்த பவர் பட்டனை அதிகாரி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மச்சான் கண்ணாடியும் கையுமாக இருட்டுக்குள் போனார்.

மனைவி மறுபடி லேப்டாப்பைப் போட்டாள். மச்சான் மறுபடி வந்தார். ஆ என்று சொல்ல வாயெடுத்தார். மறுபடி இருட்டு.

"என்னங்க இது, இப்படிப் பண்ணுது?"

"எனக்கென்னவோ வைரஸ்னு தோணுதும்மா" என்றார் அதிகாரி, ஒரு துக்கச் செய்தியைச் சொல்லும் குரலில்.

இங்கே மனைவியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு முடிவு சந்தேகமாக வந்தால் அங்கே அதை உடனே நம்பவும் மாட்டார்கள், உடனே தூக்கிப் போடவும் மாட்டார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி சோதிப்பார்கள். அது சரியென்றால் அடுத்ததை மாற்றுவார்கள். கடைசியில் மாற்றாமல் எது மிஞ்சுகிறதோ, கோளாறு அங்கேதான்.

லேப்டாப்புக்கும் அவள் அதே வைத்தியத்தைப் பார்த்தாள். சூடேறி அணைகிறதோ என்று அடியிலிருந்த காற்றுத் துளைகளைச் சின்னப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அணைந்தது. வேலையிடத்திலிருந்து அதே மாதிரி சார்ஜரை வாங்கிவந்து மாட்டினாள். உட்கார்ந்தார், அணைந்தது. வைரஸைப் பிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். அது மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டு, வைரஸ் என்று ஒன்றும் இல்லை என்றது. கெட்டிக்கார வைரஸ் தேடும்போது ஒளிந்துகொள்ளும் என்று அதிகாரி விளக்கினார். வகுப்பில் அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவள் விடுப்பு எடுத்திருந்தாள். அவர் தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டாள். அது முடிந்ததும் இன்னொன்று. பொழுது சாயும்வரை லேப்டாப் கண்ணயரவில்லை. அவர் வீடு திரும்பிச் சட்டையை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். அணைந்தது.

"பாத்தியாம்மா?"

"பாத்தேங்க" என்றாள் அவள்.

மறுநாள் லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டு அவரை அதன் எதிரில் உட்காரவைத்தாள். சட்டைப் பொத்தான் தைக்க வேண்டும், கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, அவர் ஒரு கையில் ஊசியையும் மறு கையில் நூலையும் கொடுத்தாள். அதிகாரி நூலை நாக்கில் நனைத்தார், ஒற்றைக் கண்ணை மூடினார், மூச்சைப் பிடித்தார். ஊசியின் காது ஒத்துழைக்கவில்லை. பாட்டுக்குப் பின் பாட்டாக ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நூல் நுழைந்த மகிழ்ச்சியில் அவர் ஊசியைக் கீழே வைத்தார். சற்று நேரத்தில் லேப்டாப் அணைந்தது.

அவள் ஊசியை வாங்கிக்கொண்டு போய்ப் பொத்தானைத் தைத்தாள். அதிகாரிக்குத் தன் திறமையில் நம்பிக்கை வந்தது. இந்த வைரஸை வைத்துக்கொண்டே இன்னும் பல வருடங்கள் பல்லோடு வாழ்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவள் துணி மடித்தபடியே சொன்னாள்:

"லேப்டாப் சரியாகலைன்னா பரவாயில்லையாம். அண்ணன் நேர்லயே கிளம்பி வர்றாராம்."

"எதுக்கு?"

"உங்க பல்லுக்குத்தான். கருவிப் பெட்டியையும் எடுத்துட்டு வர்றாராம். நம்ம ஹால்ல இருக்கிற நாற்காலியே போதுமாம். நான் டார்ச் பிடிச்சா சரியாப் போச்சாம்."

"வீட்லயேவா?"

"புண் ஆறுற வரைக்கும் கூடவே தங்கிப் பாத்துக்கிறாராம். உங்க ரூம்லயே படுத்துக்கிறாராம்."

அதிகாரி ஹால் நாற்காலியைப் பார்த்தார். அதற்கு ஒரு கால் ஆடும். மனைவியைப் பார்த்தார். டார்ச்சை வாகாகப் பிடிக்கக்கூடிய கைதான். இதுவரை பேயாகத் தெரிந்த பல் டாக்டர் நாற்காலி அவர் மனக்கண்ணில் மெல்ல மெல்ல ஒரு பஞ்சணையாக மாறியது. அங்கே மரத்துப்போக ஊசி போடுவார்கள். நல்ல விளக்கு இருக்கும். முக்கியமாக, வேலை முடிந்ததும் அந்த டாக்டர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். எதையெதையோ தட்டினார். வெற்றி வீரராக வெளியே வந்தார். வைரஸ் ஒழிந்தது, இனி அணையவே அணையாது என்றார். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அவள் வியந்து கேட்டதற்கு, சொன்னால் உனக்குப் புரியாது என்று அடக்கமாகப் பதில் சொன்னார்.

"அப்ப அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடவா?"

"முதல்ல அதைச் சொல்லு. அவருக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"பல்லு?"

"இங்கேயே யாராவது டாக்டர்கிட்ட..." என்று அவர் இழுத்தார். இழுத்து முடிப்பதற்குள் அவள் போனில் பேசி முடித்திருந்தாள். ஞாயிறு காலை முதல் ஆளாக வரச் சொன்னார்களாம்.

ஞாயிறு காலை அதிகாரி டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, மரத்துப்போக ஊசி போட்டதும் கண்களை இறுக மூடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்க நினைத்துக் கண்ணைத் திறந்தால், டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பல் ஒரு தட்டில் கிடந்தது. இத்தனை சின்னப் பொருளுக்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. மின்னல் இல்லை, இடி இல்லை. பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி நெஞ்சு லேசாகிவிட்டது. வீடு வரும் வழியில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தலையசைத்தார்.

வாயில் பஞ்சை அடைத்திருந்தார்கள். அதை எடுக்கும்வரை பேசக் கூடாது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவரே லேப்டாப்பைத் திறந்து மச்சானை அழைத்தார். மச்சான் கண்ணாடியைத் துடைப்பதை முதன்முறையாக நிம்மதியோடு பார்த்தார். பேச முடியாததால் தட்டச்சு செய்தார்: 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது மச்சான். இனி நீங்கள் கருவிப் பெட்டியோடு கிளம்பி வர வேண்டியதில்லை.'

மச்சான் அதைப் படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார்.

"நான் எங்கே கிளம்பினேன் மாப்பிள்ளை? பஸ்ஸைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். உங்க கல்யாணம் எங்க வீட்லயே நடந்ததாலதான் நான் அதுக்கே வந்தேன்."

அதிகாரி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கோபம் வரத்தான் பார்த்தது. ஆனால் எங்கேயும் எதுவும் வலிக்காத நேரத்தில் கோபப்படுவது அத்தனை சுலபமாக இல்லை. பஞ்சுக்குப் பின்னாலிருந்து 'ம்?' என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

"உங்க வைரஸ் எந்த வழியா வந்துச்சோ, அதே வழியாத்தாங்க அண்ணனும் வர்றதா இருந்தாரு" என்றாள் மனைவி.