அட்டையைக் கொண்டு வரவும்

சொன்னதை அப்படியே செய்கிறவர்களைப் போல ஆபத்தானவர்கள் உலகத்தில் இல்லை. பத்தொன்பது வயதில் நான் அந்த இனம். என் வாப்பா அந்த இனத்துக்கே தலைவர்.

கிண்ணியாவில் எங்கள் வீட்டில் 'அட்டை' என்றால் கடலடி மணலில் வெள்ளரிக்காய் போலக் கிடக்கும் கடலட்டை மட்டும்தான். வாப்பா மூச்சடக்கி முங்கி அதை எடுப்பார். அவித்துக் காயவைத்து விற்பார். நாங்கள் சோறு தின்றது அதனால்தான். நீருயிர் வளர்ப்புப் படிப்புக்கு மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம் என்று அறிவித்தபோது, விண்ணப்பத்தில் நான் எழுதித் தள்ளியதும் கடலட்டையைப் பற்றியே. (நாலு பக்கம். வாசித்தவர் பாவம்.)

நேர்முகத் தேர்வு எப்போது என்று விசாரிக்க வாப்பா திருகோணமலை அரசாங்கக் கந்தோருக்குப் போனார். திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

"மகள், வியாழக்கிழமை வரட்டாம். அட்டையையும் மறக்காமக் கொண்டு வரட்டாம்!"

"அட்டையையா வாப்பா?"

"ஓம் புள்ள. நீ எழுதினத வாசிச்சிருப்பாங்க. பாக்க ஆசை வந்திருக்கும்."

தேசிய அடையாள அட்டை என்ற ஒன்று அப்போதுதான் நாட்டில் புழக்கத்துக்கு வந்திருந்தது. எனதும் வந்து, அலுமாரியில் உம்மாவின் சேலைக்குள் பத்திரமாக உறங்கியது. அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவேயில்லை.

வியாழன் விடிய வாப்பா முங்கி, இருப்பதிலேயே கொழுத்த ஒன்றை எடுத்து வந்தார். வாளியில் கடல்தண்ணீர், மேலே ஈரச்சாக்கு. துறை கடக்கும்போது படகில் எட்டிப்பார்த்த அத்தனை பேரிடமும், "கவர்மென்ட் கேட்டிருக்கு" என்று பெருமையடித்தார்.

கந்தோரில் நேர்முக அறைக்குள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்த கண்ணாடிக்காரர்தான் தலைவர்.

"அட்டை எங்க, பிள்ளை?"

"வாப்பாட்ட இருக்கு, சேர். தண்ணி மாத்திட்டு வாறார்."

"ஏன், நனைஞ்சு போச்சோ?"

"நனையாட்டிச் செத்துப் போயிரும், சேர்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வாப்பா உள்ளே வந்து, மரியாதையாக இரண்டு கையாலும் அதை எடுத்து, மேசையில் என் விண்ணப்பத்தின் மேலேயே வைத்தார். பயணக் களைப்போ, பயமோ, அட்டை தன் குடல் முழுவதையும் நாலு பக்கத்திலும் வெளியே தள்ளிவிட்டது. ஓரத்திலிருந்த அம்மணி கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

"ஐயோ! நாங்கள் கேட்டது அடையாள அட்டை!" என்றார் தலைவர். "அது இல்லாமல் நேர்முகம் நடத்த ஏலாது."

இருந்தது ஒரே இடம், அதுவும் போச்சு. வெட்கம் ஒருபக்கம், துக்கம் ஒருபக்கம், விம்மி அழுதுவிட்டேன்.

"செத்துப் போச்சோ?" என்றார் கதிரைமேல் நின்ற அம்மணி, கொஞ்சம் இரக்கமாக.

"இல்ல மிஸ்," மூக்கை உறிஞ்சினேன். "பயந்தா குடலத் தள்ளிரும். கடல்ல விட்டா புதுசா முளைக்கும்."

"ஆர் சொன்னது?" தலைவர் நிமிர்ந்தார்.

"நானே பாத்தன், சேர். குடலத் தள்ளினதால வாப்பா பழுதெண்டு கழிச்ச ஒண்டக் கடல்ல வலைக்கூட்டுக்குள்ள விட்டன். நோன்பு மாசம், நானும் தின்னல்ல, அதுவும் தின்னல்ல. பெருநாளோட அது மண் தின்னத் தொடங்கிற்று."

அம்மணி சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். தலைவர் சிரிக்கவில்லை. "சரி, இதை ஏன் படிக்க வேணும்?" என்றார்.

"வாப்பா முந்தி முழங்கால் தண்ணியில எடுத்தவர், சேர். இப்ப நெஞ்சு வெடிக்க முங்கணும். எல்லாரும் அள்ளுறம், ஆரும் வளர்க்கல்ல. இப்படியே போனா இந்தத் தீவைச் சுத்தி ஒண்டும் மிஞ்சாது."

வாப்பாவின் முன்னால் நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "புள்ள சொல்றது உண்மைதான், சேர்" என்றார். எனக்கு மறுபடி அழுகை வந்தது. இது வேறு அழுகை.

"நாலு மணிவரை இருப்பம்," என்றார் தலைவர். "முதல்ல இதைக் கடலில விட்டிட்டு, மற்றதைக் கொண்டு வாங்கோ."

வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைத் துறைமுகமே பார்த்தது. நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் அடையாள அட்டை மேசையில் இருந்தது. அடுத்த மாதம் கடிதம் வந்தது. இடம் எனக்குத்தான்!

படித்தேன், அன்றிலிருந்து இந்தக் கடலின் உயிர்களுக்குத்தான் உழைத்தேன். ஆனால் எந்தக் கல்யாண வீட்டில் யார் என்னைப் புகழ்ந்தாலும் வாப்பா விடமாட்டார்:

"இவ எங்க பாஸானா? அட்டைதான் பாஸானது. இவ அதுக்குத் துணைக்குப் போனவ."