லஸ்கரின் பிரஷரும் ஹாரன் அண்ணாச்சியின் தொண்டையும்

அந்தமானில் கடல் அசையாமல் கிடந்த நாள் உண்டு. கரண்ட் போகாத நாள்கூட ஒன்றிரண்டு உண்டு. ஹாரன் அண்ணாச்சி மெதுவாகப் பேசிய நாள் மட்டும் கிடையவே கிடையாது.

ஷாதிபூர் மேட்டில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் ஸ்ராங்காக, அதாவது மாலுமிகளை மேய்க்கும் ஆளாக, இருந்தவர். இன்ஜின் இரைச்சலையும் காற்றையும் தாண்டி, முன்பக்கம் கயிறு பிடிப்பவனுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திக் கத்தி, அவர் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. ரிட்டையர் ஆனது உடம்பு மட்டும்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் ஹாரன் அண்ணாச்சி.

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். உள்ளே மண்டியிட்டு "சாமீ! போன வாரம் நான் என்ன செஞ்சேன்னா..." என்று ஆரம்பித்தால், வரிசையில் நிற்பவர்கள் தங்கள் பாவத்தை மறந்துவிட்டு அவருடையதைக் கேட்பார்கள். கடைசியில் பங்குச் சாமியார் கையெடுத்துக் கும்பிட்டாராம். "மனசுக்குள்ளயே சொல்லிக்குங்க, ஆண்டவருக்குக் கேட்டுரும்." அண்ணாச்சிக்கு அதில் வருத்தம்தான். "மனசுக்குள்ள சொன்னா எனக்கே கேக்க மாட்டேங்குதே தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். அதுவும் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அவர் மனைவி ஸ்டெல்லாக்கா வாயே திறக்க மாட்டார். "எனக்கும் சேத்து அவுகளே பேசிருதாவ" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஒரு நாள் பேச்சு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானம் ஜெட்டியிலிருந்து, அதாவது கப்பல் துறையிலிருந்து, கப்பல் கிளம்பும்போது ஒரு ஹாரன் அடிக்குமே, அதைத்தான் பொறுக்க முடியாது. அந்த ஹாரன் காதில் விழுந்ததும் அண்ணாச்சி எங்கே இருந்தாலும், சோற்றில் கை இருந்தாலும், எழுந்து நின்று கப்பல் நிற்கும் ஊரையெல்லாம் கூவுவார். "நீஈஈல்! ஹேவ்லாஆஆக்! லாங் ஐலண்ட்! ரங்கத், ரங்கத், ரங்கஅஅத்!" பயணிகள் ஏறும்போது கூவிய பழக்கம். நான் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள், நடுநடுவே இப்படி எழுதவும் செய்கிறேன். ஒரு நாள் அவர் ரங்கத் போய்ச் சேர்ந்த வேகத்தில் என் கத்தரிக்கோல் வழுக்கி, ஒரு பெங்காலி அம்மாவின் ரவிக்கைக் கழுத்து பாதி முதுகு வரை இறங்கிவிட்டது. அந்த அம்மா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, தங்கைக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார். அதனால் பிழைத்தார் அண்ணாச்சி.

இனி லஸ்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லஸ்கர் என்றால் கப்பலில் கயிறு இழுக்கும் கடைநிலை ஆள். எங்கள் லஸ்கர் ஒரு பூனை. கப்பலின் இன்ஜின் அறையில் பிறந்தது. குட்டியாக இருந்தபோது கயிற்று நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்ததால் அந்தப் பெயர். அண்ணாச்சி ரிட்டையர் ஆன அன்று மாலையையும் சால்வையையும் கப்பலிலேயே மறந்து வைத்துவிட்டு, பூனையை மட்டும் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிள்ளையில்லாத வீடு. "எலேய் லஸ்கரு!" என்று அவர் கத்தினால் ஊர்க்காக்கை அத்தனையும் பறக்கும், லஸ்கர் மட்டும் கொட்டாவி விட்டுவிட்டு மெதுவாக எழுந்து வரும்.

அந்த லஸ்கர் ஒரு நாள் மீன் தட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. பட்டப்பகலில் கண்மணி இரண்டும் முழுசாக விரிந்து கிடந்தன. அண்ணாச்சி பதறிப் போனார். வயசான பூனைக்கும் பிரஷர் வரும் என்று யாரோ சொல்ல, தன் கைக்குக் கட்டும் மெஷினை எடுத்தார். அந்தப் பட்டையில் லஸ்கரின் கால் அல்ல, லஸ்கரே மொத்தமாக உள்ளே போய்விட்டது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். மெஷின் காற்றடித்துப் பார்த்துவிட்டு, நம்பர் காட்டாமல் தப்பு தப்பு என்று கீச்சிட்டது.

"ஸ்டெல்லா! மெசினுக்கும் பிரஷர் வந்துட்டு!"

ஒரு கூடையில் லஸ்கரை உட்காரவைத்து மூன்று பேருமாக மிருக டாக்டரிடம் போனோம். டாக்டர் மேடம் பெங்காலி, ஆனாலும் எங்களோடு பழகிப் பழகித் தமிழும் இந்தியுமாகக் கலந்தடிப்பார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தவர் முகம் மாறியது. "இடது கண்ணு உள்ள ரத்தம் வந்திருக்கு. அந்தக் கண்ணு இனிமே சுத்தமா தெரியாது. பிரஷர் இப்படியே இருந்தா வலது கண்ணும் போயிரும்."

அண்ணாச்சி குனிந்து லஸ்கரின் கண்ணைப் பார்த்தார். பிறகு கேட்டார். "பிரஷர் எவ்வளவு மேடம்?" அவ்வளவுதான், வெளியே காத்திருந்த நாய்கள் அத்தனையும் ஒன்றாகக் குரைக்க ஆரம்பித்தன. லஸ்கர் மேஜையில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு சீறியது. மெஷின் இருநூற்றுக்கு மேலே காட்டியது.

மருந்து கொடுத்து, சில நாள் கழித்து வரச் சொன்னார். போனோம். அதே நாய்கள், அதே சீறல், அதே இருநூறு.

டாக்டர் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்க வர்றது பயத்தோட நம்பரா, நோயோட நம்பரா, எனக்குத் தெரியல. தெரியாம மருந்தைக் கூட்டினா பிரஷர் ரொம்ப இறங்கி மயங்கி விழும். கூட்டாம விட்டா, நிஜமாவே ஏறி இருந்தா, கண்ணு காலி. வீட்ல எடுங்க. இந்த மெஷினைக் கொண்டு போங்க, ஒரு வாரம். அதைப் பாத்துதான் நான் முடிவு பண்ணுவேன்."

எப்படி எடுப்பது என்றும் சொன்னார். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். பட்டையைக் கட்டும் முன் கொஞ்ச நேரம் பூனையைச் சும்மா விட வேண்டும். வாலின் அடியில் பட்டை கட்ட வேண்டும், கட்டிய இடம் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையின் அகலம் வாலின் சுற்றளவில் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாக வர வேண்டும். குறுகலாகப் போனால் நம்பர் பொய்யாக ஏறும், அகலமாகப் போனால் பொய்யாக இறங்கும். முதல் நம்பரைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் ஐந்தாறு நம்பருக்குச் சராசரி. "முக்கியமானது ஒண்ணு. பூனை அமைதியா இருக்கணும்" என்று முடித்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எங்கள் தெருவுக்குச் சனி பிடித்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என் வாசலில் நின்றார். "தங்கச்சி, ஒன் இஞ்சி டேப்பை எடு. வாலை அளக்கணும்." எத்தனையோ இடுப்பு அளந்த கை, லஸ்கரின் வாலையும் அளந்தது. அளவு சொன்னேன். பெட்டியில் இருந்த பட்டைகளில் பொருத்தமானது கிடைத்தது. அன்றிலிருந்து நான்தான் மெஷின் பார்ப்பவள். ஸ்டெல்லாக்கா பூனையை மடியில் வைத்திருப்பார். அண்ணாச்சி அமைதி இலாகா.

மதியம் சரியாக இரண்டு மணிக்குத் தெரு அடங்கிவிட வேண்டும். குக்கர் வைக்கக் கூடாது. மிக்சி போடக் கூடாது. என் தையல் மெஷினுக்கே தடை, கிறிஸ்துமஸ் ரவிக்கைகள் மலையாகக் குவிந்து கிடக்கும்போது! மீன்காரர் சைக்கிளில் "மச்சீ!" என்று கூவியபடி மேடு ஏறினார். அண்ணாச்சி பாய்ந்து வந்து, "சுப் கரோ பாய்! பிரஷர் சல் ரஹா ஹை!" என்று ஒரு கத்து கத்தினார். வாயை மூடு, பிரஷர் ஓடுகிறது என்று அர்த்தம். மீன்காரர் சைக்கிளோடு ஓடைப்பக்கம் சாய்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஊர்ல உள்ள சத்தத்தையெல்லாம் கூட்டினாலும் நீங்க ஒருத்தர் போட்டதுக்கு வராது" என்றேன், கோபம் தாங்காமல்.

அவர் என்னைப் பார்த்தார். "எஞ் சத்தத்துலதான் இதுக்கு பிரஷர் ஏறிட்டோ, தங்கச்சி?" என்று கேட்டார். நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லப் போக, மனுஷன் அதை அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து அண்ணாச்சி வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார். பேச்சே இல்லை. கப்பலில் கிரேன்காரனுக்குக் காட்டும் கைச்சைகைதான். இரண்டு விரலைச் சுழற்றினால் காற்றடி, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. வெறுங்காலோடு சுவரை ஒட்டி நடந்தார். லஸ்கரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டார். மத்தியானக் கப்பலின் ஹாரன் கேட்கும்போது துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முகமெல்லாம் சிவந்து நிற்பார். நீல், ஹேவ்லாக் எல்லாம் வயிற்றுக்குள் புரள்வது எனக்கே தெரியும்.

அப்படியும் நம்பர் இறங்கவில்லை. நூற்று எண்பத்தைந்து. மறுநாள் நூற்றுத் தொண்ணூறு. லஸ்கர் மடியில் இருந்தபடியே தலையைத் தூக்கி, காதை இங்கும் அங்கும் திருப்பி, எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தன்னாலேதான் ஏறுகிறது என்று அண்ணாச்சி வீட்டை விட்டே போய் ஜெட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு லஸ்கர் வாசலைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது. நம்பர் இன்னும் ஏறியது.

ஏழாம் நாள் வந்தது. மறுநாள் டாக்டரிடம் நம்பர் சொல்ல வேண்டும், இருக்கிற நிலையில் மருந்தை இரட்டிப்பாக்குவார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டெல்லாக்கா மடியில் லஸ்கர், வாலில் பட்டை. தெருவில் ஓர் இலை விழுந்தால் கேட்கும். முதல் நம்பர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அண்ணாச்சியின் கண்ணில் தண்ணீர். அடுத்ததற்குக் காற்றடிக்கப் பொத்தானை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஜெட்டியில் ஹாரன் அடித்தது.

துண்டு பறந்தது.

"நீஈஈஈல்! ஹேவ்லாஆஆஆக்! லாங் ஐலண்ட்! ரங்கத், ரங்கத், ரங்கஅஅஅத்!"

ஒரு வாரச் சரக்கு மொத்தமாக இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அடப்பாவி மனுஷா, இன்னைக்குப் போய்..." என்று நான் வாயெடுத்தபோதுதான் ஸ்டெல்லாக்கா என் கையைத் தட்டி மடியைக் காட்டினார். லஸ்கர் காலை மடக்கி, கண்ணைச் சொருகி, தாடையை அவர் முழங்காலில் வைத்துவிட்டது. மெஷினைப் பார்த்தேன். நூற்று ஐம்பது.

"அண்ணாச்சி, கத்துங்க" என்றேன்.

"என்னது?"

"கத்துங்கன்னா கத்துங்க! நிறுத்தாதீங்க!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கத்தச் சொல்லி அவரிடம் இரண்டு தடவை கேட்க வேண்டியதில்லை. நீலிலிருந்து மறுபடி புறப்பட்டார். நூற்று நாற்பத்தெட்டு. சந்தேகம் தீர, நடுவில் ஒரு தடவை வாயை மூடச் சொல்லிப் பார்த்தேன். லஸ்கர் கண்ணைத் திறந்தது, காது நிமிர்ந்தது, நூற்று எண்பது. மறுபடி கூவச் சொன்னேன், பூனை கவிழ்ந்து படுத்தது. பிறந்ததிலிருந்து இன்ஜினும் இந்தத் தொண்டையும் கேட்டு வளர்ந்த பிராணி. அந்தச் சத்தம் நின்றால் கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே அதற்குத் தோன்றும்!

டாக்டருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "நான் பூனையை அமைதியா வைக்கச் சொன்னேன். தெருவை யாரு அமைதியா வைக்கச் சொன்னது? வீடு எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருங்க. இன்னும் ரெண்டு நாள் அதே மாதிரி எடுங்க. இதே நம்பர் வந்தா மருந்து போதும், கூட்டவே வேண்டாம்."

இரண்டு நாளும் அதே நம்பர்தான் வந்தது. வலது கண் தப்பித்தது. அன்றைக்கு அண்ணாச்சி வாசலில் நின்று "எலேய் லஸ்கரு!" என்று விட்ட சத்தத்தில் மேட்டில் இருந்த குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டன. ஒருத்தரும் சண்டைக்குப் போகவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கே சொந்தமாக ஒரு மெஷின் மெயின்லேண்டிலிருந்து வந்திறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அளவெடுப்பு. நம்பரை டாக்டருக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்புவார் அண்ணாச்சி. டாக்டர் மேடம் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கேட்பாராம்.

போன வாரம் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரல் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹாரன் அடித்தது, அவர் எழுந்து நின்று வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. லஸ்கர் தலையைத் தூக்கிவிட்டது. மெஷினில் நம்பர் வேறு ஏறத் தொடங்கியது. ஸ்டெல்லாக்கா என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன், மூச்சை இழுத்தேன், தெருவே கேட்கும்படி "நீஈஈல்! ஹேவ்லாஆஆக்! ரங்கஅஅத்!" என்று கூவினேன். வெளியே மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். லஸ்கர் தன் நல்ல கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஏதோ பரவாயில்லை என்று தலையைக் கீழே வைத்தது. நூற்று ஐம்பத்தைந்து.

அண்ணாச்சி கிட்டே வந்து என் காதோரம் குனிந்தார். அவர் ரகசியம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"லாங் ஐலண்டை விட்டுட்டியே, தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் அண்ணாச்சி, சீக்கிரம் குணமாகி நீங்களே கத்துங்க" என்றேன். "நீங்க கத்தாம நம்ம தெரு தெருவாவே இல்ல."