மேகத்துக்குப் போன காட்டில் ஒரு காலிக் கவுண்டர்

ஒரு காட்டில் எல்லாமே மேகத்துக்குப் போய்விட்டது. அதாவது, சிங்கராஜா அப்படி அறிவித்தார். குகையில் நடந்த அலுவலகம் இனி இரண்டு மரத்தடிகளில், யானை கவுண்டர், ஆந்தை கவுண்டர் என்று பிரிந்து நடக்கும். கணினிக்காரர்கள் ‘கிளவுட்’ என்பதுபோல, அதற்குப் பெயர் ‘மேகச் சேவை’. மேகம் ஏன் மரத்தடியில் இருக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தனி விண்ணப்பம் இருந்தது.

யார் எங்கே போவது என்பதை நரி சொல்லும். அதற்கு ஒரே விதி: எங்கே கூட்டம் குறைவோ அங்கே அனுப்பு.

ஆற்றோரம் நான்கு குட்டிகளோடு இருந்த முயலுக்கு, மழைக்கு முன் மேட்டில் வளை தோண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது.

“ஆந்தைகிட்ட காலியா இருக்கு, போ தங்கச்சி” என்றது நரி.

தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. “முடியாது. அடுத்து!” அரை நொடி. விண்ணப்பம் ‘தீர்க்கப்பட்டது’ என்று பதிவானது.

முயல் திரும்பி வந்தது. நரி மறுபடி எண்ணியது. யானை முன்னால் நாற்பது பேர். ஆந்தை முன்னால் யாருமில்லை. “ஆந்தைகிட்ட போ.”

மூன்றாவது முறையும் விரட்டப்பட்டபோது முயலுக்குப் பொறுக்கவில்லை. “நரியண்ணே, அங்க ஏன் எப்பவும் காலியா இருக்குன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? யானையக்கா விண்ணப்பத்தைப் படிக்கிறாங்க, எழுந்துபோய் மேட்டைப் பார்க்கிறாங்க, சீட்டு தர்றாங்க. அதனாலதான் அங்க கூட்டம்!”

“யோசிக்கிறது என் வேலை இல்லம்மா. எண்ணுறதுதான்.”

மதியம் சிங்கராஜா அறிக்கையைப் பார்த்தார். ஆந்தை தீர்த்தவை ஆயிரத்து இருநூறு (அதில் மூன்று, முயலுடையதே). யானை தீர்த்தவை பதினேழு. ஆந்தைக்கு மாலை போட்டார். தாமதத்துக்குக் காரணமான யானையை வேலையிலிருந்து நீக்கினார். காட்டில் வரிசையே இல்லாமல் போனது. சீர்திருத்தம் மாபெரும் வெற்றி!

சாயங்காலம் நிஜ மேகம் வந்தது. அதற்கு நரி தேவைப்படவில்லை. எல்லா வளைக்கும் தண்ணீரைச் சமமாகவே பிரித்துக் கொடுத்தது. முயல் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே போட்டது. வேலை போன யானை அந்தப் பக்கம் வந்தது; சீட்டு எதுவும் கேட்காமல் ஐவரையும் முதுகில் ஏற்றிக்கொண்டது.

கழுத்தளவு நீரில் நரி வந்து சேர்ந்தது. “தங்கச்சி, கொஞ்சம் தள்ளி உக்காரேன்...”

முயல் நிதானமாக எண்ணிப் பார்த்தது.

“இங்க அஞ்சு பேர் இருக்கோம்ணே. ஆந்தை கவுண்டர்தான் காலி. அங்க போங்க.”

நீதி: உங்கள் முன்னால் கூட்டம் நிற்கிறதென்றால், நீங்கள் தவறிப்போய் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள், மாலை வந்துகொண்டிருக்கிறது.