நாலாவது ட்ரையும் மூன்றாவது புகாரும்

"தம்பி, போட்டுட்டான்! மூணாவது ட்ரை!"

ஹாலில் டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பல் டாக்டர் கத்தியதும், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்த மெக்கானிக் கையில் ஸ்பானரோடு ஓடினார். ரீப்ளேயை நின்றபடியே பார்த்துவிட்டு மறுபடி குளியலறைக்கு ஓடினார்.

அவருக்கு ரக்பி என்றால் உயிர். ஆனால் இன்று பிழைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்த வீட்டிலிருந்து இது மூன்றாவது புகார், மூன்றும் தண்ணீர் ஒழுகுகிறது என்றுதான். "இன்னைக்கும் சரி பண்ணலைன்னா, நாளையிலேருந்து நீ குடோன்ல அட்டைப்பெட்டி அடுக்கு," என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீடு வீடாகப் போய் நாலு பேரிடம் வாயாடிப் பழகிய மனிதருக்கு அட்டைப்பெட்டிகளோடு என்ன பேச முடியும்?

கோளாறு என்னவோ சின்னதுதான். பின்பக்கக் குழாய் கழன்றிருந்தது. ஒரு முறுக்கு முறுக்கியதும் ஒழுகல் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"போன தடவையும் இதைத்தானே முறுக்கினேன்? தானா எப்படிக் கழலும்?" என்று முணுமுணுத்தபடி பின்மூடியைக் கழற்றினார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அதை எதுக்குத் தம்பி கழட்டறீங்க? குழாயை முறுக்கினா போதாதா? டீ ஆறுது, வந்து உக்காருங்க."

"மேலோட்டமா பார்த்தா ஆகாது சார். சொத்தைப் பல்லுக்கு மருந்தைத் தடவி அனுப்பிடுவீங்களா நீங்க?"

டாக்டர் டிவி பக்கம் திரும்பிப் போனார்.

மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றித் துடைத்து, பாதிக் கண்ணை டிவியில் வைத்தே மறுபடி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் தடதடவென்று ஆடி, குளியலறையை விட்டு வெளியே நடக்கத் தொடங்கியது.

"சார், பிடிங்க!"

"தோளைக் கொடுங்க தம்பி! ரக்பி ஸ்க்ரம் மாதிரி, சேர்ந்து தள்ளணும்!"

இருவரும் தலையைக் குனிந்து, தோளோடு தோள் சேர்த்துத் தள்ளினார்கள். மெஷின் பின்வாங்கியது. டாக்டரின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

மெஷின் ஆடியதற்குப் பம்ப் அடைப்புதான் காரணம் என்று மெக்கானிக் அடுத்ததாக முடிவு கட்டினார். கீழ்மூடியைத் திறந்தார். மெஷினுக்குள் தண்ணீர் நிரம்பியிருப்பது திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. குளியலறை நிறைந்து, தண்ணீர் ஹாலுக்குள் புகுந்தது.

அந்த நேரம் பார்த்து டிவியில் நடுவர் விசில் ஊதினார். நம் அணிக்குப் பெனால்டி.

குரூப்பின் கடைசி ஆட்டம் அது. பதினேழுக்கு இருபத்தேழு என்று பின்தங்கியிருந்தார்கள். ஜெயிக்க நேரமில்லை. ஆனால் ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஒரு போனஸ் புள்ளி உண்டு. நாலு ட்ரை போட்டால், அதாவது நாலு தடவை எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால், இன்னொன்று. இரண்டும் கிடைத்தால் காலிறுதி நிச்சயம். ஒன்று மட்டும் கிடைத்தால், நாளைக்கு யாரோ யாரிடமோ தோற்க வேண்டும்.

"கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயின்ட்டை வாங்கட்டும்," என்றார் டாக்டர், தன் வெள்ளைக் கோட்டால் தரையைத் துடைத்தபடி. "ஏழு பாயின்ட்ல தோப்போம். ஒரு போனஸ் புள்ளி கைல இருக்கும்."

"ஒரு புள்ளியை வச்சு நாக்கு வழிக்கிறதா? கார்னருக்கு அடிச்சு, கோட்டுக்குப் பக்கத்துல போயிடணும் சார். நாலாவது ட்ரை போட்டா அஞ்சு பாயின்ட், ரெண்டு போனஸ் புள்ளியும் நமக்குத்தான்!"

"பந்தைக் கோட்டை விட்டா?"

"விடமாட்டான்!"

"போன மேட்ச்ல விட்டானே! இதே இடத்துல உக்காந்து தலையில கை வச்சீங்களே!"

டிவியில் கேப்டன் மைதான மூலையை நோக்கிக் கையை நீட்டினார். கார்னர்! மெக்கானிக் துள்ளிக் குதித்தார். அதற்குள் மெஷின் மோட்டாரில் தண்ணீர் ஏறி, டப்பென்று வீடு முழுக்கக் கரண்ட் போனது.

மெக்கானிக் பதறிப்போய் மெஷின் ப்ளக்கைப் பிடுங்கினார். ஸ்கோராவது பார்க்கலாமென்று போனை எடுத்தார். அதில் சூப்பர்வைசர் அழைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"அது வந்து... சார்..."

டாக்டர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "சார், உங்க ஆள் தங்கமான ஆள். அடுத்த சனிக்கிழமையும் இவரையே அனுப்புங்க!"

"அடுத்த சனிக்கிழமையா? அப்ப இன்னைக்கும் சரியாகலையா?"

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"புரிஞ்சுது சார். மூணு புகார். இனிமே அவர் வரமாட்டார். நாளையிலேருந்து குடோன்தான்."

டாக்டரின் முகம் வெளிறிப் போனது. "குடோனா? நான் புகார் கொடுத்தா இவருக்கா தண்டனை?" மெக்கானிக்கைப் பார்த்தார்.

"விடுங்க சார்," என்றார் மெக்கானிக். ஸ்பானரைப் பைக்குள் போட்டார். "உங்களோட பேசினதே சந்தோஷம்."

வாசல் கதவு திறந்தது. கடைக்குப் போயிருந்த டாக்டரின் மனைவி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். ஒன்றும் கேட்காமல், சுவரில் ட்ரிப்பாகிக் கீழிறங்கியிருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார்.

டிவி உயிர் பெற்றது. ஆட்டம் முடிந்திருந்தது. இருபத்திரண்டுக்கு இருபத்தேழு. நாலு ட்ரை.

"தோத்துட்டோம்!" என்று டாக்டர் ஆனந்தமாகக் கத்தினார்.

"அஞ்சே பாயின்ட்ல தோத்துட்டோம் சார்!" மெக்கானிக் வேலை, குடோன் எல்லாவற்றையும் மறந்து அவரைக் கட்டிக்கொண்டார். கணுக்காலளவு தண்ணீரில் இருவரும் குதித்தார்கள்.

"ஹலோ? அங்க என்ன நடக்குது?" என்றது போன்.

மனைவி இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல சார். கூட உக்காந்து மேட்ச் பேச ஆள் இல்லாம, மூணு தடவையும் குழாயைக் கழட்டி விட்டது எங்க வீட்டுக்காரர்தான்."